எழுந்து வெளியே போகும் பயிற்சி

உட்காரு கண்ணு. அந்த நாற்காலி வேண்டாம், அது எங்க வீட்டுக்காரருடையது. மதியம் எழுந்து வந்தாருன்னா அதைத்தான் தேடுவார். இதுல உட்காரு. சென்னையிலிருந்து இதுக்காகவா வந்தே? ஒரு படிவத்தை நிரப்பறதுக்கா? தபால்ல அனுப்பியிருந்தா நானே நிரப்பி அனுப்பியிருப்பேனே. கான்வென்ட்டில் எங்களுக்கு முதல்ல கத்துக்கொடுத்ததே கோட்டுக்குள்ள எழுதறதுதான். கோடு தாண்டினா சிஸ்டர் பெர்னடெட் ஸ்கேலைத் திருப்பிப் பிடிச்சு விரல் முட்டியில ஒண்ணு வைப்பாங்க. அந்தப் பயிற்சி இன்னைக்கும் விரல்ல இருக்கு.

என்ன போட்டிருக்கு மேலே? "மதுக்கூட உரிம ஆலோசனைக் குழு உறுப்பினர்களின் பயிற்சித் தேவைகள்." சரி. குழு என்னன்னு உனக்குத் தெரியுமா, இல்லை படிவத்தை மட்டும் கையில கொடுத்து பஸ் ஏத்திவிட்டாங்களா? நானே சொல்லிடறேன். ஊர்ல ஒரு லாட்ஜோ கிளப்போ பார் வைக்க உரிமம் கேட்டா, பழசைப் புதுப்பிக்கக் கேட்டா, உள்ளூர்க்காரங்க அஞ்சு பேர் உட்கார்ந்து கொடுக்கலாம் வேண்டாம்னு எழுதி மேலே அனுப்பணும். ஆலோசனைதான். ஆனா நாங்க எழுதினதை மேலே ஒரு தடவைகூட மாத்தினதில்லை. படிக்கிறாங்களான்னே எனக்குச் சந்தேகம்.

முதல்ல தலைவர். கதிர்வேலு, ஓய்வுபெற்ற தாசில்தார். அவருக்கு முழிச்சிருக்கும் பயிற்சி தேவைன்னு எழுதிக்கோ. பத்தாவது நிமிஷம் கண்ணை மூடி யோசிக்க ஆரம்பிப்பார். யோசனை குறட்டையா வெளியே வரும். அடுத்தது மயில்சாமி, ஹார்டுவேர் கடை. ஊருக்குள்ள எந்தக் கட்டடம் வந்தாலும் அவருக்குச் சம்மதம், எல்லாக் கட்டடத்துக்கும் ஆணி வேணுமில்லையா. மூணாவது டாக்டர் செந்தாமரை, பல் டாக்டர். எல்லா விண்ணப்பத்தையும் எதிர்ப்பாங்க. ஏன்னு கேட்டா வாயைத் திறக்க மாட்டாங்க. வாயைத் திறக்கச் சொல்றதெல்லாம் அடுத்தவங்ககிட்டதான் போல. நாலாவது நான். அஞ்சாவது மாராத்தா.

மாராத்தா பேரைப் பெரிசா எழுது. உன் நிறுவனம் ரெண்டு நாள் பயிற்சி வைக்குதுன்னா ஒன்றரை நாள் அவளுக்கே போதாது.

மகளிர் சுய உதவிக் குழுவுக்குத் தலைவி அவ. எங்க உரிமக் குழுவுல ஒரு எளிய பெண்மணி இருக்கணும்னு விதி வந்துது, இவளைப் போட்டுட்டாங்க. என்னைவிட ஆறேழு வயசு மூத்தவ. ஆனா அவதான் என்னை அக்காங்கறா, நான் வா போன்னுதான் பேசுவேன். மரியாதை தெரிஞ்சவ, அதை நான் இல்லைங்கலை. படிப்பு அஞ்சாவது. கையெழுத்துப் போடும்போது நாக்கு வெளியே வந்துடும்.

போன ஆடியில ஒரு விண்ணப்பம் வந்துது. தண்டபாணின்னு ஒருத்தர், லாட்ஜ் வெச்சிருக்கார், கீழ்த்தளத்துல பார் வேணுமாம். வாசல் எங்கேங்கறே? பால்வாடிக்கு எதிர்ச்சாரி. மாராத்தாவோட பேத்தி அந்தப் பால்வாடியிலதான் இருக்கு, நாலு வயசு. இவ என்ன பண்ணினா? அந்த மாசக் கூட்டத்துல எழுந்து நின்னு அழுதா. அலுவலகத்துக் கூட்டத்துல, மினிட்ஸ் எழுதிட்டிருக்கும்போது. எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போச்சு. மயில்சாமி பிஸ்கட்டைத் தின்னுட்டே பார்க்கறார், கதிர்வேலு முழிச்சுக்கிட்டார். விண்ணப்பம் ஐப்பசிக் கூட்டத்துலதான் ஓட்டுக்கு வரும்னு தள்ளிவெச்சாங்க. அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், இவளை ஐப்பசிக்குள்ள மனுஷியாக்கறதுன்னு.

அதனால பயிற்சின்னா என்னன்னு எனக்கு நீ சொல்ல வேண்டாம் கண்ணு. நீங்க வர்றதுக்கு முன்னாடியே நான் நடத்திட்டேன். செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை, இங்கேயே, சமையலறையில. அவளுக்குன்னு ஒரு டம்ளர்கூட தனியா வெச்சிருந்தேன். ஜன்னல்மேல இருக்கு பாரு, அதுதான். யார் வெச்சிருப்பா அந்த மாதிரி?

முதல் வாரம் கேட்டேன். "ஏன் அந்த பார் வேண்டாம்கறே? காரணம் சொல்லு."

"எம் புருசன் சாக்கடையோரத்துல கெடந்தாருங்கக்கா. எம் மகன் பையைத் தூக்கிட்டு அவரைத் தாண்டித்தான் பள்ளிக்கூடம் போவான். மொதல்ல அழுதுட்டே தாண்டுனான். அப்பறம் அழுகாமயே தாண்டுனான். இப்ப அவன் புள்ளையும் ஆரையாச்சும் தாண்டோணுமுங்களா?"

"இது கதை. ஆட்சேபணை இல்லை."

"இதையச் சொன்னாப் போதாதுங்களா?"

"போதாது. ஐம்பது மீட்டருக்குள்ள குழந்தைங்க இடம் இருந்தா பார் கூடாதுன்னு விதி. அளந்தியா?"

அளக்கலையாம். புருஷன் குடிச்சுக் கிடந்த கதை சொல்லத் தெரியுது, ஒரு டேப்பைப் பிடிக்கத் தெரியல. நானே கொத்தனார் டேப் வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். வாசல்லருந்து வாசலுக்கு நாற்பத்தொரு மீட்டர். தண்டபாணி கொடுத்த வரைபடத்துல பாரு, லாட்ஜோட பின்வாசல்லருந்து அளந்து அறுபத்திரண்டுன்னு போட்டிருக்கார். அந்த ஒரு எண்ணு போதும் அந்த ஆளை வீட்டுக்கு அனுப்ப. அவளுக்காக ஆட்சேபணைக் கடிதத்தை என் கையாலயே எழுதினேன், இங்கிலீஷ்லயும் தமிழ்லயும். கடைசியில நாக்கை நீட்டிக் கையெழுத்துப் போட்டா.

அப்புறம் எப்படி உட்கார்றது, எப்ப பேசறது, மூக்கைச் சிந்தக் கூடாது, முந்தானையைக் கடிக்கக் கூடாது. எல்லாம் சொல்லிக்கொடுத்தேன். முக்கியமா ஒண்ணு சொல்லிக்கொடுத்தேன். சொந்த நலன் இருக்கிற விஷயம் வந்தா அந்த உறுப்பினர் எழுந்து வெளியே போயிடணும். உங்க பயிற்சியிலயும் அது இருக்கும், இருக்கா? நல்லது. நான் உதாரணத்தோட சொன்னேன்.

"உன் மகன் நாளைக்கு ஒரு பார் வைக்க உரிமம் கேட்டா நீ என்ன செய்யணும்?"

"அவனுக்கு ஏதுங்கக்கா அத்தனை வசதி. கறிக்கடையில கோழி உரிச்சுட்டு இருக்கான்."

"கேட்டா-ன்னு சொன்னேன்."

"எந்திரிச்சு வெளிய போயிரோணுமுங்க."

"ஏன்?"

"நாம உள்ளயே இருந்தா நம்ம பேரும் கெட்டுப்போகும், அவம் பேரும் கெட்டுப்போகுமுங்க. நாம வெளிய போயிட்டா, அப்பறம் ஆரும் ஒண்ணும் சொல்ல முடியாதுங்க."

சரியான விடை. சிஸ்டர் பெர்னடெட்டா இருந்தா ஒரு மாதா படம் பரிசாக் கொடுத்திருப்பாங்க. நான் ஒரு பழைய புடவை கொடுத்தேன். எழுந்து போறதையும் இங்கேயே பழக்கினேன். நாற்காலியைத் தரையில இழுக்காம, தூக்கிப் பின்னால வெச்சு, தலைவருக்கு ஒரு வணக்கம் போட்டு, கதவைச் சாத்திட்டுப் போகணும். ஏழெட்டுத் தடவை போயிட்டுப் போயிட்டு வந்தா. சிரிப்பா இருக்கும் பார்க்க.

ஐப்பசிக் கூட்டம் வந்துது. அஜெண்டாவுல ரெண்டு விஷயம். முதல்ல டவுன் கிளப் உரிமம் புதுப்பிப்பு, ரெண்டாவது லாட்ஜ். டவுன் கிளப் உனக்குத் தெரியாது. வெள்ளைக்காரன் காலத்துது. ஷட்டில் கோர்ட் இருக்கு, சீட்டு ரூம் இருக்கு, ஓரமா ஒரு பெர்மிட் ரூம் இருக்கு. அதை பார்னு சொல்லக் கூடாது. எங்க வீட்டுக்காரர்தான் ஒன்பது வருஷமா செயலாளர். சாயங்காலம் ஆறுக்குப் போனா பதினொண்ணுக்குத்தான் வருவார், பொறுப்பு அந்த மாதிரி. வரும்போது டிரைவர் தோள்ல கையைப் போட்டுத்தான் வருவார். வேலைக்காரங்ககிட்ட அவ்வளவு சிநேகம். சில நாள் டிரைவரும் வாட்ச்மேனும் ரெண்டு பக்கமும். டாக்டர் சுகர்ங்கறார். சுகர் இறங்கினா கால் நிக்காதாம்.

கதிர்வேலு முதல் விஷயத்தைப் படிச்சார். நான் மினிட்ஸ் நோட்டைத் திறந்து பேனா மூடியைக் கழட்டறேன். மாராத்தா கையைத் தூக்கறா.

"அக்கா, நீங்க வெளிய போகோணுமில்லைங்களா?"

நான் புரியாத மாதிரி பார்த்தேன். புரியாம இல்லை.

"அய்யாதானுங்களே கிளப்புக்குச் செயலாளரு. நீங்கதானக்கா சொல்லிக்குடுத்தீங்க."

மயில்சாமிக்குப் பிஸ்கட் புரையேறிடுச்சு. "அட, அம்மணி சொல்றது நெசந்தானுங்க"ங்கறார். ஒன்பது வருஷமா அந்தக் கிளப் விஷயம் வர்றப்போ நான்தான் மினிட்ஸ் எழுதறேன். ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஏன்னா அது கிளப். இவகிட்ட நான் சொன்னது பாருக்கு. அந்த வித்தியாசம் புரியல பாரு, எழுதிக்கோ. கிளப்புக்கும் பாருக்கும் உள்ள வேறுபாடு பற்றிய பயிற்சி.

எழுந்தேன். நாற்காலி தரையில கிறீச்சுன்னு இழுபட்டுது. இருபது நிமிஷம் கண்ணு. நகராட்சி வராந்தாவுல, கை கழுவற தொட்டிக்குப் பக்கத்துல, போறவன் வர்றவன் எல்லாம் "என்னங்க மேடம், இங்க நிக்கறீங்க"ங்கறான்.

அங்கே தண்டபாணி நின்னுட்டிருந்தார், தன் விஷயம் வரட்டும்னு. நல்ல மனுஷன். அவர் உட்கார்ந்திருந்த ஸ்டூலை எனக்குப் போட்டார், ஒரு இளநி வரவழைச்சார். அந்த ஆளை வீட்டுக்கு அனுப்பணும்னு சொன்னேனா? அனுப்பணும்தான், ஆனா மரியாதை தெரிஞ்ச ஆள். பேச்சுவாக்குல சொன்னார், "மாராத்தக்கா எம் மேல எதுக்கு இப்படிக் கோவமா இருக்கறாங்கன்னே தெரியலீங்க. பஸ் ஸ்டாண்டுக்கிட்ட இருக்கற பாருக்கு அவுங்கதான் தெனமும் முட்டை அவிச்சு உரிச்சுக் குடுக்கறாங்க. நாளைக்கு எனக்கும் குடுக்கட்டுமுங்க, வேண்டாங்கலீங்களே."

இளநி ரொம்ப நல்லா இருந்துது, சில்லுன்னு.

உள்ளே கூப்பிட்டாங்க. கிளப் புதுப்பிக்கலாம்னு பரிந்துரை, நாலு பேரும் சம்மதம்னு கதிர்வேலு சொன்னார். நாலு பேர்னா மாராத்தாவும்தான். எல்லாத்தையும் எதிர்க்கிற டாக்டர்கூட அன்னைக்கு எதிர்க்கலையாம், மாராத்தாதான் பேசி ஒப்புக்க வெச்சாளாம். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டறா, ஏதோ பெரிய காரியம் முடிச்ச மாதிரி. கூட்டம் முடிஞ்சப்புறம் டாக்டர் சொன்னாங்க, "அக்கா பேருக்கு ஒரு சொல்லு வந்துரக் கூடாது, அதான் வெளிய அனுப்புனேன்"ன்னு மாராத்தா உள்ள எல்லார்கிட்டயும் சொன்னாளாம். இருக்கலாம். என்னை வராந்தாவுல நிறுத்திட்டு என் பேரைக் காப்பாத்தறாளாம். அதுவும் எங்க வீட்டுக்காரர் கிளப்புக்கு இவ கை தூக்கித்தான் உரிமம் வரணுமா? யார் கேட்டா?

ரெண்டாவது விஷயம். மாராத்தா எழுந்தா. அழுகை இல்லை, மூக்குச் சிந்தல் இல்லை. நிமிர்ந்து நின்னு, "தலைவரே, வாசல்லருந்து வாசலுக்கு நாற்பத்தொரு மீட்டருங்க. எழுத்துல குடுத்திருக்கறனுங்க"ன்னா. அப்படியே நான் சொல்லிக்கொடுத்த மாதிரி. வேற நாளா இருந்தா எனக்குப் பெருமையா இருந்திருக்கும்.

நான் சொன்னேன், "தலைவரே, ஒரு ஒழுங்குப் பிரச்சினை. மாராத்தா, நீ முட்டை அவிச்சுக் கொடுக்கிறது எங்கே?"

"பஸ் ஸ்டாண்டு பாருக்குத்தானுங்கக்கா. உங்களுக்குத் தெரியாதுங்களா? போன மாசம் அய்யா பொறந்தநாளுக்கு எங்கிட்ட இருந்துதானுங்களே நூறு முட்டை வந்துது."

"எனக்குத் தெரியறது முக்கியமில்லை. புதுசா ஒரு பார் வந்தா பழைய பாருக்கு வியாபாரம் குறையுமா குறையாதா?"

"குறையுமுங்க."

"அங்கே குறைஞ்சா உன் முட்டை குறையுமா குறையாதா?"

அவ என்னையே பார்த்தா. நான் அஜெண்டாவைப் பார்த்தேன்.

"குறையுமுங்க."

"அப்போ உனக்கு இதுல சொந்த நலன் இருக்கு."

டாக்டர் அன்னைக்குத்தான் முதல் தடவையா வாயைத் திறந்தாங்க, "இது கொஞ்சம் அதிகம் மேடம்"னு. கதிர்வேலு விதிப்புத்தகத்தைப் புரட்டறார். நான்தான் பக்கம் எடுத்துக் கொடுத்தேன். நலன் உள்ளவர் வெளியேறணும், அவர் கொடுத்த ஆட்சேபணையும் கணக்கில் வராது. அச்சுல இருக்கு. ஆமாம், நான் எழுதின கடிதம்தான். அதனால என்ன? நான் கைப்பட எழுதினதா இருந்தா விதி மாறிடுமா?

மாராத்தா நாற்காலியைத் தூக்கிப் பின்னால வெச்சா. சத்தமே இல்லை. தலைவருக்கு வணக்கம் போட்டா. கதவுகிட்டப் போய் நின்னு, "அந்த நாற்பத்தொண்ணை மட்டுமாச்சும் எழுதிக்குவீங்களாக்கா?"ன்னு கேட்டா.

"வெளியே போனவங்க சொன்னது எழுதறதில்லை"ன்னேன்.

கதவைச் சாத்திட்டுப் போனா. அவ்வளவு அழகா யாரும் போய் நான் பார்த்ததில்லை.

அப்புறம் ஃபைல்ல இருக்கிற அளவு தண்டபாணியோட அறுபத்திரண்டு மட்டும்தான். கதிர்வேலு சரின்னார், மயில்சாமி சரின்னார், டாக்டர் வேண்டாம்னாங்க. நானும் வேண்டாம்னு கை தூக்கியிருந்தா ரெண்டுக்கு ரெண்டு. சரிபாதி வந்தா விண்ணப்பம் விழுந்துடும்னு விதி. தெரியும் கண்ணு, அந்த விதியைக் கதிர்வேலுவுக்கு அடிக்கடி ஞாபகப்படுத்தறதே நான்தான். ஆனா நான் கை தூக்கல. எந்தப் பக்கமும் தூக்கல. மனசு நிதானமா இல்லாதப்போ ஓட்டுப் போடக் கூடாது, அதுதான் நேர்மை. அந்த பார் வந்ததுக்கும் எனக்கும் சம்பந்தமே இல்லை. மினிட்ஸைப் பாரு, "திருமதி சுலோச்சனா, நடுநிலை"ன்னு போட்டிருக்கு. நானே எழுதினது.

தை பிறக்கறதுக்குள்ள பார் திறந்துட்டாங்க. லைட்டெல்லாம் போட்டு அழகாத்தான் இருக்கு. பால்வாடிக் குழந்தைகளை இப்போ ஆயா ஒருத்தர் கையை ஒருத்தர் பிடிக்க வெச்சு, மார்க்கெட் சுத்தி, பின்வழியாக் கூட்டிட்டுப் போறாளாம். நடக்கட்டும், நடந்தா நல்லாப் பசிக்கும். பாதிப் பேரை அனுப்பறதே இல்லைன்னும் கேள்வி. மாராத்தா பேத்தி போகுது. போன வாரம் அந்தப் பின்வழி வாசல்லயே எவனோ குடிச்சு விழுந்து கிடந்தானாம், அந்தக் குழந்தை செருப்பைக் கையில எடுத்துக்கிட்டு அவனைத் தாண்டிச்சாம். செருப்பு பட்டுடக் கூடாதாம். நல்ல வளர்ப்பு.

இரு, இன்னும் முடியல. இதைக் கேட்டாத்தான் அவ எந்த அளவுக்குத் தேறாதவன்னு உனக்குப் புரியும்.

கூட்டம் முடிஞ்சு முப்பத்திநாலாவது நாள் இங்கே வந்தா. அந்த வாசப்படியில நின்னா. முகமெல்லாம் ஒட்டிப்போயிருக்கு. ஆனா ஒரு சந்தோஷம்.

"அக்கா, முட்டையை நிறுத்திட்டனுங்க. அண்டாவெல்லாங்கூடக் குடுத்துட்டேன். இப்ப எனக்கு ஒரு நலனும் இல்லைங்க. இப்ப என் ஆட்சேபணையை எடுத்துக்குவாங்கள்ல?"

யோசிச்சுப் பாரு. அந்த வீட்டுல அடுப்பு எரியறதே அந்த முட்டையிலதான். மகன் கோழி உரிக்கிறது அவன் செலவுக்கே பத்தாது. யாரையும் ஒரு வார்த்தை கேட்காம நிறுத்திட்டு வந்து நிக்கறா.

"மறு ஆட்சேபணைக்கு முப்பது நாள்தான் மாராத்தா. அதுக்கு மேல நாலு நாள் தாண்டிடுச்சு"ன்னேன்.

"அது எனக்குத் தெரியாதுங்களேக்கா."

கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். நடுவுல ரெண்டு செவ்வாய்க்கிழமை வந்தா, கொத்தமல்லி ஆய்ஞ்சு கொடுத்துட்டுப் போனா, கேட்கவே இல்லையே. காபி கொடுத்தேன், அவ டம்ளர்லதான். குடிச்சா, கழுவிக் கவுத்து வெச்சா, போயிட்டா. இப்போ பஸ் ஸ்டாண்டு பாருக்கு முட்டை வேற யாரோ கொடுக்கறாங்களாம். இவ கல்யாண மண்டபத்துல பாத்திரம் கழுவறாளாம். நல்லதுதான், அதுல எந்த நலனும் இல்லை.

என்ன எழுதாம உட்கார்ந்திருக்கே? பேனா எழுதலையா? இந்தா, என் பேனாவை எடுத்துக்கோ.

மாராத்தாவையும் பார்க்கணும்கறியா? எதுக்கு அவ்வளவு தூரம் அலையறே. இரு, போன் போட்டுத் தர்றேன். ஸ்பீக்கர்ல போடறேன், நீயே கேளு. பயிற்சி எப்போ? அடுத்த மாசம், கோயம்புத்தூர்லயா? நானும் வர்றதா இருந்தா நலன் பத்தின வகுப்பை எனக்கே கொடுக்கச் சொல்லு. இவளை முன்னால நிறுத்தி எழுந்து போய்க் காட்டச் சொன்னா எல்லாருக்கும் பளிச்சுன்னு புரியும். செய்வா. நான் சொன்னாச் செய்வா.

ஹலோ, மாராத்தா? நான்தான்.

"சொல்லுங்கக்கா. நல்லா இருக்கறீங்களா? அய்யாவுக்கு சுகரு தேவலைங்களா?"

"அவருக்கு என்ன, நல்லா இருக்கார். இங்கே பாரு, சென்னையிலிருந்து ஒரு பொண்ணு வந்திருக்கு. குழுவுக்குப் பயிற்சி கொடுக்கறாங்களாம், கோயம்புத்தூர்ல, ரெண்டு நாள். நீ வரணும்."

"வர்றனுங்கக்கா. மண்டபத்துல லீவு கேட்டுக்கறேன்." கொஞ்ச நேரம் பாத்திரச் சத்தம். "அக்கா, அந்தப் பயிற்சியில நல்லபடியாப் படிச்சு முடிச்சுட்டா, மறுபடி எழுதிக் குடுக்க உடுவாங்களாக்கா? நாற்பத்தொரு மீட்டருன்னு?"

"முதல்ல வந்து சேரு, அப்புறம் பாக்கலாம்."

"சரிங்கக்கா. டேப்பு இன்னும் எங்கிட்டத்தான் இருக்குது. கொண்டுட்டு வந்தர்றேன்."

வெச்சுட்டா. கேட்டியா? உரிமம் கொடுத்தாச்சு, பார் திறந்தாச்சு, காலம் முடிஞ்சு எத்தனையோ நாளாச்சு, இவ டேப்பை எடுத்துட்டுப் பயிற்சிக்கு வர்றாளாம். எழுதிக்கோ கண்ணு. ஆரம்பத்துல இருந்து எல்லாம் சொல்லிக்கொடுக்கணும்.